தினம் 50 ரூபாய் மிச்சம் பிடித்தால் 3 வருடம் முன்பே வீட்டுப் பத்திரம் கையில்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சம்பளக்காரர்களுக்கு ஒரு கணக்கு

சொந்த வீடு கட்டியாச்சு. கிரகப்பிரவேசம் முடிந்து, பால் காய்ச்சி, சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடும் போட்டாச்சு.

ஆனால் பத்திரம் எங்கே? அது பேங்க் பெட்டகத்தில் இருக்கிறது!

கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று மின்சார ரெயிலில் தினமும் தொங்கிக்கொண்டு போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "வீடு சொந்த வீடுதாங்க. ஆனா இன்னும் பேங்குக்குத்தான் சொந்தம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பூந்தமல்லி, குமணன்சாவடி, கரையான்சாவடி பக்கம் பஸ் ஏறுகிறவர்களின் கதையும் இதேதான்.

20 வருடக் கடன். மாதா மாதம் சம்பளம் வந்த உடனே தவணை போய்விடுகிறது. மீதிப் பணத்தில்தான் குடும்பம்.

இந்தக் கடனை முன்கூட்டியே அடைக்க முடியுமா? லாட்டரி விழ வேண்டியதில்லை. புதையல் கிடைக்க வேண்டியதில்லை. அடுப்பங்கரையில் மிச்சம் பிடிக்கிற பணமே போதும்.

எப்படி? பார்ப்போம்.

தொழிற்சாலைகள் வந்தன, வீடுகள் வந்தன

சென்னையின் மேற்குப் பக்கம் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாகக் கிடந்தது. 1949-ம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. 1964-ம் ஆண்டில் அம்பத்தூர் எஸ்டேட் வந்தது. 1965-ம் ஆண்டில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது.

வேலைக்கு வந்தவர்கள் முதலில் வாடகைக்கு இருந்தார்கள். பிறகு அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று மனை வாங்கினார்கள். கையில் இருந்ததை வைத்து இரண்டு ரூம் எழுப்பினார்கள். மேல் தளத்துக்குக் கம்பியை நீட்டி விட்டு, "பின்னாடி பார்த்துக்கலாம்" என்றார்கள்.

உலக வங்கி உதவியோடு 1977-ம் ஆண்டில் சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனை பிரித்துத் தவணை முறையில் கொடுத்தார்கள். அதன் பிறகு முகப்பேரிலும் இப்படி மனைகள் வந்தன.

அந்தக் காலத்தில் வீட்டுக்கடன் என்றால் கூட்டுறவுச் சங்கம், எல்.ஐ.சி., ஆபீஸ் கடன் என்று இரண்டு மூன்று வாசல்கள்தான். கூட்டுறவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1904-ம் ஆண்டு கூட்டுறவுச் சட்டம் வந்தபோது பதிவான முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் நம் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில்தான் தொடங்கியது. "சிறுகச் சேர், சேர்ந்து கடன் கொடு" என்ற வித்தை நம் பக்கத்து ஊருக்குப் புதிதல்ல!

வீட்டுக்கடனுக்கென்றே எச்.டி.எப்.சி. 1977-ம் ஆண்டில் வந்தது. அதற்குப் பிறகு பேங்குகளும் போட்டி போட்டுக்கொண்டு கொடுக்க ஆரம்பித்தன. கடன் கிடைப்பது சுலபமாயிற்று. அடைப்பதுதான் பெரும்பாடு!

10 வருடம் கட்டியும் பாதி குறையவில்லை!

ஒரு கணக்கு போடுவோம்.

எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒருவர். வயது 40. அவர் 25 லட்ச ரூபாய் வீட்டுக்கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 8½ சதவீதம். காலம் 20 வருடம்.

மாதத் தவணை சுமார் 21,696 ரூபாய்.

முதல் மாதம் கட்டுகிற 21,696 ரூபாயில் வட்டிக்கு எவ்வளவு போகிறது தெரியுமா? 17,708 ரூபாய்! அசலில் கழிவது வெறும் 3,988 ரூபாய்தான்.

20 வருடம் ஒழுங்காகக் கட்டி முடித்தால் மொத்தம் 52 லட்சத்து 7 ஆயிரம் ரூபாய் ஆகிறது. அதாவது ஒரு வீட்டுக்குக் கடன் வாங்கி, இரண்டு வீட்டுக்குப் பணம் கட்டுகிறார்.

இன்னொரு வேடிக்கை. 10 வருடம் கட்டியாயிற்று. 26 லட்சம் கொடுத்தாயிற்று. "பாதிக் காலம் போச்சு, பாதிக் கடன் போயிருக்கும்" என்று நினைத்து பேங்கில் போய்க் கேட்டால், இன்னும் 17½ லட்சம் பாக்கி என்பார்கள்!

பேங்க் ஏமாற்றவில்லை. கணக்கே அப்படி. அசல் பெரிதாக இருக்கும்போது வட்டியும் பெரிதாக இருக்கும். அசல் குறையக் குறையத்தான் வட்டி குறையும். ஆகவே ஆரம்பத்திலேயே அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துவிட்டால், வட்டி தானாக விழும்.

58 வயதில் என்ன ஆகும்?

விஷயம் லாப நஷ்டத்தோடு நிற்கவில்லை. பல கம்பெனிகளில் 58 வயதில் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். நம் கணக்கில் உள்ளவருக்குக் கடன் முடியும்போது வயது 60.

58-வது வயதில் அவர் கையில் மாலையும் மெடலும் இருக்கும். தலையில் 4 லட்சத்து 77 ஆயிரம் ரூபாய்க் கடன் பாக்கி இருக்கும்! பி.எப்., கிராஜுவிட்டி என்று வருகிற பணத்தில் அதை எடுத்துத்தான் அடைக்க வேண்டும். மகள் கல்யாணம், வைத்தியச் செலவு எல்லாம் அதே பணத்தை எதிர்பார்த்து வரிசையில் நிற்கும்.

இதைத் தவிர்க்க என்ன வழி?

தினம் 50 ரூபாய்!

முதல் மாதத்தில் இருந்தே தவணையோடு 1,500 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் போதும். தினம் 50 ரூபாய் கணக்கு.

கடன் 17 வருடத்தில் முடிந்துவிடுகிறது. 3 வருடம் மிச்சம். வட்டியில் மிச்சம் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். நம்மவர் 57 வயதில் பத்திரத்தோடு வீட்டுக்கு வருவார். மாலை விழும்போது கடன் இருக்காது!

தினம் 100 ரூபாய், அதாவது மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால்? 14 வருடம் 11 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். வட்டியில் மிச்சம் சுமார் 7 லட்சத்து 90 ஆயிரம்.

"எனக்கு ஏற்கனவே 10 வருடம் போயிடுச்சே சார்" என்கிறீர்களா? கவலை வேண்டாம். அந்த 17½ லட்சம் பாக்கியில் இன்றிலிருந்து மாதம் 3,000 கூட்டிக் கட்டினாலும் 21 மாதம் முன்பே முடிந்துவிடும்.

ஆனால் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு லாபம். முதல் வருடக் கடைசியில் ஒரே ஒரு தடவை 1 லட்ச ரூபாய் அசலில் கட்டினால், வட்டியில் சுமார் 3 லட்சத்து 65 ஆயிரம் மிச்சம். அதே 1 லட்சத்தை 15 வருடம் கழித்துக் கட்டினால் மிச்சம் 50 ஆயிரம்தான்!

50 ரூபாய்க்கு எங்கே போவது?

"எல்லாம் சரிதான். தினம் 50 ரூபாய் எங்கேயிருந்து வரும்? விலைவாசி விற்கிற விலையில்..." என்று இல்லத்தரசிகள் கேட்பது காதில் விழுகிறது.

வீட்டுக்குள்ளேயே தேடுவோம்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021-ம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் ஆகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஒரு ஆய்வில் கணக்கிட்டது. இந்தப் பணம் எங்கே போனது? பெரும்பாலான வீடுகளில் வந்த வழியே தெரியாமல் செலவில் கரைந்துவிட்டது. அதைப் பிடித்துத் தனியே வைத்திருந்தால் மாதம் 888!

புருஷன் ஆபீஸ் வாசலில் நாளைக்கு மூன்று டீ குடிக்கிறார். ஒன்றைக் குறைக்கட்டும். டீ 15 ரூபாய் என்று வைத்தால் 26 வேலை நாளில் 390 ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பார்சல். வேண்டாம் என்று சொல்லவில்லை! மாதம் 4 தடவையில் ஒரு தடவை வீட்டிலேயே செய்தால் 400 ரூபாயாவது மிச்சம்.

கூட்டிப் பாருங்கள். 1,678 ரூபாய்! 1,500-ஐத் தாண்டியாச்சு. பிள்ளைகளின் பாலில் கை வைக்கவில்லை. ஸ்கூல் பீஸில் கை வைக்கவில்லை. வயசானவர்களின் மாத்திரையில் கை வைக்கவில்லை. அதிலெல்லாம் கை வைக்கவும் கூடாது.

கரண்டு பில்லையும் கவனிக்கலாம். 2022-ம் ஆண்டு வந்த கட்டண முறையில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்குக் கீழ்ப்படிக் கட்டணச் சலுகையும் கைவிட்டுப் போனது. எல்லையை ஒட்டி நிற்கிற வீட்டில், ஆள் இல்லாத ரூமில் ஓடும் பேனை நிறுத்துவதுகூடப் பணம்தான்.

கடுகு டப்பா போதாது

நம் வீட்டுப் பெண்களுக்குச் சேமிப்பை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அஞ்சறைப் பெட்டி, கடுகு டப்பா, அரிசிப் பானை என்று எத்தனையோ "பேங்க்"குகள்! சிறுவாட்டுப் பணம் இல்லாத வீடு உண்டா?

ஆனால் டப்பாவில் இருக்கிற பணம் குட்டி போடாது. 2016-ம் ஆண்டு நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்த சிறுவாடெல்லாம் கண்ணீரோடு வெளியே வந்தது நினைவிருக்கும்.

ஆர்.டி.யில் போடலாமே என்றால், அதற்குப் பொதுவாகக் கிடைக்கிற வட்டி, வீட்டுக்கடனுக்கு நாம் கொடுக்கிற வட்டியைவிடக் குறைவு. 8½ சதவீதத்துக்கு வாங்கிவிட்டு அதைவிடக் குறைந்த வட்டிக்குப் போட்டு வைப்பது யாருக்கு லாபம்?

மாதக் கடைசியில் ஒரு பேச்சு நடக்கட்டும்.

"ஏங்க, இந்த மாசம் டப்பாவுல ஆயிரத்து ஐந்நூறு சேர்ந்திருக்கு."

"அப்படியா? இங்கே கொடு, நாளைக்கே பேங்குல கட்டிடறேன்."

"கையில கொடுக்கமாட்டேன். நானும் கூட வர்றேன். ரசீதைப் பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்!"

இதுதான் சரியான முறை.

சீட்டு கட்டி, எடுத்து, கடனில் போடுகிறவர்களும் உண்டு. தப்பில்லை. ஆனால் 1982-ம் ஆண்டு சிட்பண்டு சட்டப்படி பதிவு செய்த சீட்டாக இருக்க வேண்டும். "அதிக வட்டி தருகிறேன்" என்று தெருவில் ஆசை காட்டுகிற ஆசாமிகளிடம் கொடுத்தால் வீட்டுக்கடனும் தீராது, கட்டின பணமும் திரும்பாது.

போனஸ் வந்தால்...

எஸ்டேட்டில் தீபாவளி போனஸ் என்றால் ஜவுளிக்கடைக்காரருக்கும் நகைக்கடைக்காரருக்கும்தான் முதல் சந்தோஷம். பிள்ளைகளுக்குத் துணி, பட்டாசு எல்லாம் எடுங்கள். மீதியில் ஒரு பங்கைக் கடனில் தள்ளுங்கள்.

வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால், அதாவது 12-க்குப் பதில் 13 கட்டினால், நம் கணக்கில் 3 வருடத்துக்கு மேல் குறைந்துவிடும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு தவணைக்குப் பதிலாக, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாதித் தவணை கட்டுவார்கள். வருடத்துக்கு 52 வாரம். 26 பாதித் தவணை. அதாவது 13 முழுத் தவணை! கட்டுகிறவருக்கே தெரியாமல் ஒரு தவணை கூடிவிடுகிறது.

இன்க்ரிமெண்ட் வந்ததா? ஓ.டி. பணம் வந்ததா? அதில் கொஞ்சம் தவணையோடு சேர்க்கட்டும். சம்பளம் ஏறினால் செலவு மட்டும் ஏற வேண்டும் என்று சட்டமா என்ன?

"அபராதம் போடுவார்களா?"

போடக் கூடாது. மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பவர்களிடம் பேங்குகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-ம் ஆண்டு ஜூன் மாதம் உத்தரவு போட்டது.

2025-ம் ஆண்டு ஜூலையில் இன்னொரு உத்தரவும் வந்தது. 2026 ஜனவரி 1-ந் தேதி முதல் கொடுக்கிற, புதுப்பிக்கிற கடன்களுக்கு அது பொருந்தும். வியாபாரத்துக்கு அல்லாமல் தனிநபர் வாங்கும் மாறும் வட்டிக் கடனை எப்போது அடைத்தாலும், எந்தப் பணத்தில் அடைத்தாலும் கட்டணம் கிடையாது என்று அது சொல்கிறது.

ஆனால் நிலையான வட்டிக் கடனுக்குக் கட்டணம் இருக்கக்கூடும். ஆகவே கடன் பத்திரத்தை எடுத்து, எந்த வட்டி என்று முதலில் பாருங்கள்.

பேங்கில் என்ன சொல்ல வேண்டும்?

பணத்தைக் கட்டிவிட்டு வந்தால் மட்டும் போதாது. கவுண்ட்டரில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

"சார், இந்தப் பணத்தை அசல்ல கழிச்சுக்குங்க. மாசத் தவணை அப்படியே இருக்கட்டும். வருஷத்தைக் குறைச்சுடுங்க."

இது முக்கியம். தவணையைக் குறைத்துவிட்டால் கடன் பழைய காலம் வரைக்கும் இழுக்கும். வட்டி மிச்சமும் குறைந்துபோகும். எழுதிக் கொடுத்து, புதிய தவணை அட்டவணை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வட்டி ஏறும்போதும் கவனம் தேவை. 2022-ம் ஆண்டு மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6½ சதவீதம் ஆயிற்று. 2½ சதவீதம் ஏற்றம்! 7 சதவீதத்தில் 20 வருடத்துக்கு 25 லட்சம் வாங்கியவருக்குத் தவணை சுமார் 19,382 ரூபாய். வட்டி 9½ சதவீதம் ஆனால், மாத வட்டி மட்டுமே 19,792 ரூபாய்! தவணையை ஏற்றாமல் விட்டால் அசலில் ஒரு பைசா குறையாது. கடன்தான் வளரும்.

பல பேருக்குத் தவணை மாறவில்லை. ஆனால் சத்தம் இல்லாமல் வருடம் நீண்டது. "தவணை அதேதானே" என்று நிம்மதியாக இருந்தார்கள்.

இதன் பிறகுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும். இடையில் ஒரு பகுதியையோ முழுவதையோ அடைக்கவும் அனுமதிக்க வேண்டும். ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது பேங்குக்குப் போய், "இன்னும் எத்தனை மாசம் சார்?" என்று கேளுங்கள்.

அவசரப்படக் கூடாதவர்கள்

எல்லோரும் உடனே ஓடிப்போய்க் கட்ட வேண்டுமா? இல்லை.

கிரெடிட் கார்டு பாக்கி, தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி இருந்தால் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். வீட்டுக்கடன் சாது மாடு. இவை முட்டுகிற மாடுகள்! கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டலைத் தடுக்க 2003-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

அடுத்து, மூன்று மாதத் தவணை அளவுக்காவது பேங்கில் கைப்பணம் இருக்கட்டும். கம்பெனியில் லே-ஆப் வந்தாலோ, வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தாலோ, கடனில் கட்டின பணத்தை உடனே திரும்ப எடுப்பது கஷ்டம்.

பி.எப். பணத்தை எடுத்து வீட்டுக்கடனை அடைக்கவும் வழி உண்டு. ஆனால் அது முதுமைக்கு வைத்த சோறு. முழுவதையும் வழித்துவிடக் கூடாது.

பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு வீட்டுக்கடன் வட்டியில் சலுகை உண்டு. அதற்காகவே கடனை வைத்திருக்கலாம் என்பார்கள் சிலர். 100 ரூபாய் வட்டி கொடுத்து, அதில் 20 ரூபாயோ 30 ரூபாயோ வரி மிச்சம் பிடிப்பது கெட்டிக்காரத்தனமா என்று அவரவரே கணக்கு போட்டுக்கொள்ளலாம்.

கடன் தீர்ந்தது, வேலை தீரவில்லை!

கடைசித் தவணை கட்டியதும் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் மூன்று வேலை பாக்கி இருக்கிறது.

ஒன்று: கடன் தீர்ந்தது, பாக்கி இல்லை என்று பேங்கில் எழுத்தில் சான்று வாங்க வேண்டும்.

இரண்டு: பத்திரங்களைத் திரும்ப வாங்க வேண்டும். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1-ந் தேதி முதல் அது அமலுக்கு வந்தது. பேங்கின் தவறால் தாமதம் ஆனால், ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும்! கடன் வாங்கும்போது கொடுத்த பத்திரப் பட்டியலை வைத்து, தாய்ப் பத்திரம் முதல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள்.

மூன்று: பதிவு அலுவலகம். பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியது அம்பத்தூரிலோ, ஆவடியிலோ, பூந்தமல்லியிலோ சார்பதிவாளர் ஆபீசில் பதிவாகி இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் பழைய கடன் அப்படியே நிற்கும். நாளைக்கு மகன் வீட்டை விற்கவோ, மகள் பெயருக்கு மாற்றவோ போனால், "இதில் கடன் இருக்கிறதே?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் பழைய பேங்க் கிளையைத் தேடி அலைவது யார்?

வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ரசீது ஏறிவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முதல் 50 ரூபாய்

ஏழைக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் வீடு என்பது செங்கல்லும் சிமெண்டும் மட்டும் அல்ல. வாலிபத்தையே அடமானம் வைத்துத்தான் அதைக் கட்டுகிறார்கள். அந்த அடமானத்தை 3 வருடம் முன்பே மீட்க முடியும் என்றால், தினம் ஒரு டீயைக் குறைப்பது பெரிய தியாகம் இல்லை.

இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் புருஷனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு பழைய நோட்டில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். பாக்கி அசல் எவ்வளவு? வட்டி எத்தனை சதவீதம்? இன்னும் எத்தனை மாதம்?

நாலாவதாக, இந்த மாதம் எவ்வளவு கூடுதலாகக் கட்டப் போகிறோம் என்று எழுதுங்கள். 500 ரூபாயாக இருந்தாலும் சரி. அசலில் கழிகிற ஒவ்வொரு ரூபாயும், கடன் தீரும் நாள் வரைக்கும் வட்டி கேட்காத ரூபாய்!